நான் சேர்த்த சத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணனிடமிருந்து எடுத்தது. கேட்டுத்தான் எடுத்தேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் கதை எழுதுகிறவன். வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால்கூட, மாத்திரை வாங்கப் போகிற வழியில் அதற்கு நல்ல தொடக்கம் யோசிக்கிற ஜென்மம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அந்தக் காலையில் இரும்புக் கதவுக்குப் பின்னால் மரணம் பொறுமையாக

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மாடி அலுவலகக் கட்டடம். அண்ணனோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கியிருந்தார். (தடித்த கண்ணாடி போடுவார், எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி.) யாரும் தவறி விழாதபடி கதவை மூடிவிட்டு, அண்ணன் தரைத்தளத்தில் காவல் நின்றார். பிரேக் விட்டது. லிஃப்ட் இறங்கியது.

கதவைத் திறக்கும் சாவி அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. ஆட்கள் ஓடிவந்து அதை எடுக்கும்வரை பதினோரு நிமிடம் அவர் அசையாமல் நின்றார்.

"கை வரலடா," என்றார் என்னிடம்.

3

அதன்பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே அவருக்குச் சட்டை நனைந்துவிடும். வேலைக்குப் போகவில்லை. அண்ணிதான் மல்லுக்கட்டி மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, எதையும் மாற்றாமல், சத்தமாகச் சொல்லவைத்தார் டாக்டர். வாராவாரம். அது முடிந்துவிட்டது என்று மூளைக்குத் தெரியும், உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்றார். நடுக்கம் வந்தால் எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொன்னார். அண்ணன் ஒருநாள் என் முன்னால் சொல்லிப் பார்த்தார்: நாற்காலி, வாளி, செருப்பு, ஜன்னல், உன் மூஞ்சி. சொல்லிவிட்டுச் சிரித்தார். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு ஒரே ஒரு உண்மையின்மேல் நின்றது. சோடாபுட்டி அந்தக் கணமே இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனை அறிக்கை அப்படித்தான் சொன்னது. அண்ணன் சாவியை எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

4

"எழுதிக்கோ. ஆனா எனக்குப் படிச்சுக் காட்டணும்," என்றிருந்தார் அண்ணன்.

ஒரு மத்தியானம் படித்துக் காட்டினேன். பதினோரு நிமிடம் சும்மா கடப்பது கதைக்குப் போதாது என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதனால் ஒரு வரி சேர்த்திருந்தேன்:

உள்ளே இருந்து மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது.

(இது பொய். வாசிக்கிற நீங்களாவது நம்புங்கள், இது பொய்.)

"தட்டினானா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா, நானா சேர்த்தது. சும்மா, கதைக்கு."

"எனக்கு ஏன்டா கேக்கல?"

5

வரியை அடித்துவிட்டு வேறு பிரதி கொண்டுபோனேன். "எனக்காக எடுத்துட்டியா?" என்றார். அறிக்கையைக் காட்டினேன். டாக்டரும் சொல்லிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் கூடிப் பேசி மறைக்கிறோம் என்றாகிவிட்டது அவருக்கு. டாக்டரிடம் போவதை நிறுத்திவிட்டார். பகல் முழுக்கச் சுவரில் காதை வைத்து எண்ணுகிறார். மூன்றோடு நிற்பதில்லை.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கொஞ்சங்கொஞ்சமா மேல வந்துட்டிருந்தாரு தம்பி. அந்த ஒரு வரி இல்லாம உங்களுக்கு ஆகலையா?"

எனக்கு என்னையே பிடிக்கவில்லை என்பதை எழுதினால், அதுவும் அழகான வரியாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

6

முடிவுகள்.

ஒன்று: டாக்டர் வீட்டுக்கே வருகிறார், அண்ணன் மறுபடி முதலிலிருந்து (வருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் "வேணாம்" என்கிறார்.)

இரண்டு: நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன், அவர் மெல்லமெல்லக் குணமாகி

யாரை ஏமாற்றுகிறேன்.

மூன்றாவது முடிவை அண்ணனே கேட்டார், இன்று காலை, என் கையைப் பிடித்துக்கொண்டு.

"அவன் தட்டறப்ப நான் சாவியப் போட்டுத் திறக்கற மாதிரி ஒண்ணு எழுதுடா. அவன் வெளிய வரட்டும். நீ எழுதினா எனக்கு அப்படியே நடந்த மாதிரி இருக்கு."

எழுதினால், சோடாபுட்டி தட்டினார் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். எழுதாவிட்டால், கேட்டும் கேளாமல் நிற்கிறவன் நான். இரண்டில் எது அவரைக் கொஞ்சம் மெதுவாகக் கொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். எழுதி முடித்துவிட்டேனா என்று அடுத்த அறையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்.