நிற்காத தறி

அப்பா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. வெங்கடலட்சுமி அவருடைய தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள்.

சாவு விழுந்தால் தெருவில் அத்தனை தறியும் நின்றுவிடும். ஒரு வீட்டுத் தறி மட்டும் நின்றாலும் என்ன ஏதென்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் சித்தப்பா சௌடப்பன் அவளை உட்கார வைத்தார்.

"பத்தரை பஸ்ஸுக்கு ஆடிட்டர் ஆபீஸ் ஆளு வாரான். அவன் போற வரைக்கும் ஓட்டு. அப்பறம் அழுதுக்கிருவோம்."

உள்ளே அம்மா, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் இருந்தாள்.

பஜாரில் நூல் கடை நடத்துவது சித்தப்பா; லைசென்ஸ் அப்பா பெயரில். மூன்று வருஷமாக வருமான வரிக் கணக்குக் கொடுக்கவில்லை. நோட்டீஸ் வந்த பிறகு சித்தப்பா மூன்று வருஷத்துக் கணக்குப் பாரங்களையும் நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார். வரியும் அபராதமும் இந்த வீட்டின் தலையில் விழும் என்று அப்பாவுக்குத் தெரியும். "நான் ஒரு பொட்டலம் நூலு வித்ததில்ல" என்றவர், கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.

இன்று காலை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து சித்தப்பா மூன்றிலும் அப்பாவின் கையெழுத்தைப் போட்டார். மை காய வாயால் ஊதினார்.

ஆடிட்டரின் குமாஸ்தா நல்லகண்ணு வாசலிலேயே நின்று பாரங்களைப் புரட்டினார்.

"நேத்துகூட மாட்டேன்னாரே பெரியவரு?"

"மனசு மாறிட்டாக. எட்டு மணிக்கு எந்திரிச்சு, அவுகளே பேனாவக் கேட்டு வாங்கிப் போட்டாக. இப்பத்தான் கண்ணசந்தாக."

"நல்லதாப் போச்சு. இன்னைக்கித்தான் கடைசி நாளு. இனி அவரு இருந்தாலும் போனாலும் நமக்குக் கவலையில்ல" என்று நல்லகண்ணு சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார்.

லட்சுமியின் கால் மிதியில் நின்றது.

சித்தப்பா அவள் பக்கம் திரும்பாமலே கன்னடத்தில் சொன்னார்: "நெய்யி. உங்கம்மா இனி என் சோத்துலதான் இருக்கணும்." வீட்டுக்குள் அவர்கள் பேசும் பாஷை அது. நல்லகண்ணுவுக்குப் புரியாது.

உள்ளே விக்கல் போல ஒரு சத்தம் எழுந்து, பாதியில் அடங்கியது.

லட்சுமி தறிக்குழியிலிருந்து ஏறி வாசலுக்கு வந்தாள். வெளியாட்களிடம் அவள் வாய் திறந்து பேசியதில்லை. தமிழில், எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கப்பா காலையில அஞ்சரைக்கே இறந்துட்டாரு."

எதிர்வீட்டுத் தறி நின்றது. பிறகு அதற்கு அடுத்தது.