டைல்ஸ்காரர் மகள் உட்காரும் இடம்

டைல்ஸ்காரரின் மகள் எங்கே உட்கார்ந்தாலும் அந்தத் தரை ஒரு பக்கமாக இரண்டு விரற்கடை சாய்ந்துவிடும். எழுந்து போனதும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். கைக்குழந்தையாக இருந்தபோதே இப்படித்தான். டம்ளர், சீப்பு, சாவிக்கொத்து எல்லாம் உருண்டும் சறுக்கியும் ஒரே மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதால், அந்த வீட்டில் எதையும் தேட வேண்டியதே இல்லை என்று அவளுடைய அம்மா சொல்வாள். எங்கள் தெருவில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாயில் சில நாள் தண்ணீர் வராததைப் போல இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டோம். நாங்கள் சிரித்ததெல்லாம், போயும் போயும் டைல்ஸ்காரர் வீட்டிலா இது நடக்க வேண்டும் என்றுதான். ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் அதன் குமிழி நட்டநடுவில் நிற்கும்படி தரை போடுகிறவர் அவர். "நான் போட்ட தரையில முட்டையை வெச்சா, வெச்ச இடத்துல இருக்கும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவர் வீட்டு முட்டைகள் கட்டிலுக்கடியில் உடைந்து கிடந்தன.

அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. சாய்ந்த இடத்தைப் பெயர்த்தெடுத்து, கலவை கொட்டி, புதிதாக டைல்ஸ் பதித்தார். மகளை உட்கார வைத்தால் புதுத் தரை வேறு பக்கம் சாய்ந்தது. மறுபடி பெயர்த்தார். குழந்தை உட்காரப் பழகவே வெகுநாள் ஆனது. நடந்தது அதைவிடத் தாமதம், அதுவும் சுவரைத் தடவிக்கொண்டு. மற்ற பிள்ளைகள் மாடிப்படியில் தாவித் தாவி இறங்கிய வயதில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். பந்தைப் போட்டால் அது தன்னைத் தாண்டிப் போன பிறகு கையை நீட்டுவாள். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். இலவச ஆலோசனைக்கு எங்கள் தெருவில் பஞ்சமே கிடையாது. கண் கோளாறு என்றார் ஒருவர். செருப்பு சரியில்லை என்றார் செருப்புக் கடைக்காரர். இதை எழுதுகிறவனும் சும்மா இருக்கவில்லை, காதில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சும் தரையோடு சேர்ந்து சாய்ந்தது. அவள் இடக்கையால் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், ஒரு காலை அதன் காலோடு பின்னிக்கொள்வாள், கழுத்தை எதிர்ப்பக்கம் ஒடித்து வைத்துக்கொள்வாள். உள்ள பலமெல்லாம் கீழே விழாமல் இருப்பதிலேயே தீர்ந்துவிடும். மிச்சம் மீதியை வைத்துத்தான் எழுத வேண்டும். அவளுடைய எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே வழிந்து அடுத்த வரியில் போய் விழும். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வைத்துக் கேட்டால் பாடம் முழுவதையும் கடகடவென்று சொல்லுவாள். ஆனால் பரீட்சையை யாரும் சுவரில் சாய்த்து வைப்பதில்லை. கவனம் இல்லை, சோம்பேறி என்று வகுப்பு டீச்சர் எழுதி அனுப்பினாள். இரண்டாம் வகுப்பிலேயே இரண்டாவது வருஷமும் உட்கார்ந்தாள். இந்த முறையும் பரீட்சையில் ஒரு பக்கம் ஒழுங்காக எழுதவில்லையென்றால், மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று தூரத்தில் இருக்கும் பள்ளிக்கு அனுப்பிவிடப் போவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். அங்கே போனால் பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு கைகோத்துப் போய் வர முடியாது. அதை நினைத்து அவள் சாப்பிடாமல் கிடந்தாள்.

டைல்ஸ்காரர் இதையும் தரைக் கோளாறாகத்தான் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கலவைச் சட்டியும் பூச்சுக் கரண்டியுமாகப் பள்ளிக்குப் போய், மகளின் பெஞ்சுக்கு அடியில் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டார். ஓசியில் வேலை நடக்கிறதே என்று தலைமையாசிரியைக்கு ஒரே சந்தோஷம், அப்படியே வராந்தாவையும் பார்த்துவிடச் சொன்னாள். சில மாதத்தில் அந்தப் பள்ளிக்கு அமைந்த தரை வேறெந்தப் பள்ளிக்கும் இல்லை. பார்த்தவர்களெல்லாம் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அந்தப் பளபளத் தரையில் திங்கட்கிழமைதோறும் டைல்ஸ்காரரின் மகள் பெஞ்சிலிருந்து விழுந்தாள்.

மருந்துக் கடையில் பில் போடும் மனைவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்ததால், டைல்ஸ்காரர் மகளையும் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கலவை குழைக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு உடைக்காதீங்கப்பா."

"ஏம்மா? உனக்காகத்தானே பண்றேன்."

"எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு சாயும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குப் பழகிடுதுப்பா. அப்போ பெஞ்சைப் பிடிக்காமலே உட்காருவேன், கொஞ்சம் எழுதக்கூட வருது. திங்கக்கிழமை வந்து பார்த்தா நீங்க எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கீங்க. நான் மறுபடியும் முதல்ல இருந்து..."

கலவை சட்டியிலேயே இறுகிப் போனது. மகள் பிறந்ததிலிருந்து தரையை அளந்தவர் ஒருநாள்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்றைக்கு அவளோடு பெஞ்சில் உட்கார்ந்தார். தரை சாய்ந்தது, தலை கிறுகிறுத்தது. ஒரு காகிதம் வாங்கித் தன் பெயரை எழுதிப் பார்த்தார். பாதிப் பெயர் கோட்டில் நின்றது, மீதி மேஜை விளிம்புக்குப் போய்விட்டது. வெட்கத்திலும் துக்கத்திலும் அழுதார். பிறகு அந்தக் காகிதத்தைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். "பெரிய நிபுணன் எழுத்தைப் பார்த்தீங்களா? இவ இத்தனை நாள் இதுல உட்கார்ந்துதான் எழுதியிருக்கா. வீட்டுல நான் கெடுத்தது போதாதுன்னு வாராவாரம் பள்ளிக்கூடம் போய் வேற கெடுத்தேன்." நாங்களும் வாங்கிப் பார்த்தோம். கண், செருப்பு, காது என்று சொன்ன நாங்கள் அதை அவசரமாக அடுத்தவர் கையில் திணித்தோம்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தரையையும் மகளுக்காகத் தொடவில்லை. சாயங்காலங்களில் அவளோடு பந்து பிடித்தார், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல் மேட்டில் ஏறி இறங்க விட்டார், நடைபாதை விளிம்பில் இருவரும் கையை விரித்து நடந்தார்கள். அதிகம் விழுந்தவர் அவர்தான். வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அவள் தானே பொத்தான் எல்லாவற்றையும் போட்டு முடித்தபோது மணி அடித்திருக்கவில்லை.

பரீட்சை நாளில் பெஞ்ச் வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்தது. மற்ற பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆளுக்கொரு கையால் தங்கள் ரப்பரைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பெஞ்சைப் பிடிக்கவில்லை. எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை தாளை வாங்கிப் பார்த்தாள், எழுத்தெல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள், தாளைத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் அலுத்துப்போய் அந்தப் பெஞ்சிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் வரிகள் நேராக இருந்தன. ஒரு பக்கம் முழுக்க, பிழை அங்கங்கே இருந்தாலும், படிக்க முடிந்தது.

மூன்றாம் வகுப்பு மாடியில் இருக்கிறது. சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள். அங்கே தரை வலப்பக்கம் சாய்ந்தது. முதல் வாரம் அவள் ஒரு எழுத்தும் எழுதவில்லை, பழகட்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.