இருபது சதவீத வெளிச்சம்

தம்பி செத்து எட்டு மாதம் ஆகியும் அவள் தன் மேலதிகாரியான தெருவிளக்குப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் வணக்கம் சொன்னாள். அவர் காட்டிய கம்பங்களில் ஏறி விளக்கு மாட்டினாள்.

சாலையில் யாரும் இல்லாதபோது இருபது சதவீதமாக மங்கி, ஆள் வந்தால் தானாகப் பிரகாசிக்கும் விளக்குகள் அவை. கம்பத்துச் சென்சார் சைக்கிளையும் கண்டுகொள்ளும். மரக்கிளை அசைந்தாலும் விளக்கு எரிகிறது, மின்சாரம் மிச்சமாகவில்லை என்று பொறியாளர் அதன் கூர்மையைக் குறைத்தார். அதன்பின் கார் கம்பத்தடிக்கு வந்தால்தான் வெளிச்சம் கூடியது.

ஒரு மாலை ஏழு மணிக்கு, தொழிற்சாலை வளைவில் சைக்கிளில் வந்த தம்பியைக் கார் ஒன்று அடித்துப் போட்டது. "விளக்கில் குறையில்லை, இறந்தவர் கறுப்பு உடையில் வந்தார்" என்று பொறியாளர் போலீசுக்கு எழுதிக் கொடுத்தார். பழி செத்தவன் தலையில் விழுந்தது.

அவன் போட்டிருந்தது வெளிர்நீலச் சட்டை. அவள் வாங்கித் தந்தது.

சென்சாரை யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்ற பதிவுகளை அவள் கம்பம் கம்பமாகச் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினாள். விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். பொறியாளர் அசரவில்லை.

"இருபது சதவீத வெளிச்சமே தாராளம், மேடம். கண்ணு தெரியுறவனுக்குப் போதும்."

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"அப்போ சாரே ஓட்டிக் காட்டட்டும், மேடம். அதே நேரம், அதே வெளிச்சம்."

பொறியாளர் ஒப்புக்கொண்டார். மறுநாள் மாலை அவர் ஓட்ட, அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பின்சீட்டில். வளைவில் காரின் ஒளி நேரே மதிலில் விழுந்தது. சாலை இருட்டாகக் கிடந்தது. திரும்பிய கணமே தடாலென்று எதுவோ மோதியது. பிரேக் அலறிய பிறகுதான் மேலே விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஐயோ! ஆள்... சைக்கிள்... எனக்குத் தெரியவே இல்லையே!"

ஸ்டியரிங்கைப் பிடித்த அவர் கைகள் வெடவெடத்தன. அதிகாரி ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் அதிகாரியின் தோளை அழுத்தினாள். மனதுக்குள் நிதானமாக முப்பது வரை எண்ணினாள். ஒவ்வொரு எண்ணும் இனித்தது.

"பொம்மை, சார். மேடத்துகிட்ட சொல்லிட்டுத்தான் சைக்கிளோட நிறுத்தி வச்சேன்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "இப்படிப் பண்ணலாமாம்மா?"

"பொம்மைக்கு என்ன கலர் சட்டை, சார்?"

அவருக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு பாக்காமலே எழுதினீங்களே."

அன்றே, பழைய அறிக்கை பொய் என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார். வேலை போனது, வழக்கும் வந்தது. எல்லாச் சென்சார்களையும் அவளே ஏறிச் சரிசெய்தாள்.

"இப்பவாவது மனசு ஆறிச்சாடி?" என்று அம்மா கேட்டாள்.

"ஆறலம்மா. ஆனா அவர் நடுங்கினதைப் பாத்தேன் பாரு, அதை யாருக்கும் விட்டுத் தரமாட்டேன்."