பெரியம்மாவும் மகாராணியும்

எங்கள் பழைய மானிட்டருக்குப் பெரியம்மா என்று பேர் வைத்தது கலைச்செல்விதான். சதுர முகம், எழுந்திருக்கவே நேரம் எடுப்பாள், ஒயரை லேசாக அசைத்தால் கோபித்துக்கொண்டு இருண்டுவிடுவாள். தாராவியில் ஒரு லெதர் பட்டறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் நானும் கலையும் ஆரம்பித்த டிசைன் தொழிலுக்கு அவள்தான் முதல் சொத்து. கைப்பைகளில் லேசரால் வெட்டும் பூவேலைகளை நான் வரைவேன். பார்ட்டிகளிடம் பேசுவது கலை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது, அவளுக்கு ஒரு கோடு நேராக வராது. நல்ல ஜோடி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன், மடச்சி.

கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். பெரியம்மாவை அதனோடு சேர்க்க ஒரு மட்டமான கன்வர்ட்டர் வைத்திருந்தோம். திரை எவ்வளவு பெரியது என்ற தகவலை அது கம்ப்யூட்டருக்குக் கடத்தாது. அதனால் ஒரு செட்டிங் ஃபைலில் திரையின் பெயரையும் அளவையும் நாங்களே எழுதிவைக்க வேண்டியிருந்தது. பெயர் கேட்ட இடத்தில் கலை "பெரியம்மா" என்று அடித்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே பட்டறைக்காரர் சத்தம் போட்டார்.

"பெரிய திரை வாங்குனா அவளுக்கு மகாராணின்னு வைப்போம்ட்டி. ரெண்டு பேரும் சேந்து போய்த் தூக்கிட்டு வரணும்" என்றாள். அதன்பிறகு எந்த மானிட்டர் கடையைத் தாண்டினாலும் "அங்க பாரு நம்ம மகாராணி" என்று என் இடுப்பில் இடிப்பாள்.

போன சனிக்கிழமை, ஃபேன் சத்தம் போடுகிறது, ஆஷிக்கிடம் கொடுத்துத் தூசி தட்டி வாங்கி வருகிறேன் என்று கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆஷிக் எங்களுக்கு வழக்கமாக ரிப்பேர் பார்ப்பவன். திங்கட்கிழமை காலையில் நான் வரும்போது பெட்டி கீழே பட்டறையில் இருந்தது. கலை இல்லை. அன்று கைப்பை வியாபாரி ரஹ்மத்துல்லா பாய் வருவதாக ஏற்பாடு. ரம்ஜானிலிருந்து நான் வரைந்துகொண்டிருந்த புதுப் பூக்களைக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவருடைய பைகளுக்கு எங்கள் வேலைதான்.

பெட்டியை மாட்டி ஆன் செய்தேன். எழுத்துகள் கொஞ்சம் ஓடின. பிறகு ஒரே இருட்டு. நடுவில் ஒரு நீலக் கட்டத்தில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மட்டும் நின்றது. என் பூக்களெல்லாம் அந்த இருட்டுக்குள் இருந்தன.

கலைக்குப் போன் போட்டேன்.

"பெரியம்மா செத்துட்டா போல. வயசாயிட்டுல்லா" என்றாள்.

"பாய் வாராருட்டி. என்னத்தக் காட்ட?"

"அவரு இன்னைக்கு வரலன்னு சொல்லிட்டாரு. டென்ஷன் ஆகாத விஜி, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

என்னை ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கெட்டுப்போன ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குச் சும்மா இருக்க வராது. ஒயரைக் கழற்றி மாட்டினேன், கன்வர்ட்டரை ஊதினேன். கடைசியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் த்ரீ மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படம் எதுவும் இல்லாத வெறும் எழுத்துத் திரை வந்து என் பெயரைக் கேட்டது. செத்தவள் பெயர் கேட்பாளா? ஆக, திரை நன்றாக இருக்கிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது. படத்தை வரவழைக்கும் இடத்தில்தான் கோளாறு. செட்டிங் ஃபைலைத் திறந்தேன்.

அளவு என்ற இடத்தில் பெரியம்மாவைப் போல இரண்டு மடங்கு எழுதியிருந்தது, அவளால் காட்டவே முடியாத அளவு. பெயர் என்ற இடத்தில், மகாராணி.

சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த வாரம் என் பிறந்தநாள். கள்ளி, எனக்குத் தெரியாமல் மகாராணியை வாங்கிவிட்டாள், பெட்டியைக் கொண்டுபோய் மாட்டிச் சரிபார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். பெயரையும் அளவையும் பழையபடி மாற்றும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா மெதுவாக எழுந்தாள். என் பூக்கள் ஒன்று குறையாமல் வந்தன.

அப்போது படியில் செருப்புச் சத்தம். ரஹ்மத்துல்லா பாய், கையில் ஒரு பை மாதுளையோடு நின்றார்.

"வாங்க பாய். இன்னைக்கு வரலன்னு கலை சொன்னாளே?"

"வேலையா வரலம்மா. ஒங்களுக்குக் கண்ணு சரியில்ல, வரையறதையே விட்டுட்டீங்கன்னு கலைச்செல்வி சொன்னாங்க. மனசு கேக்கல, பாத்துட்டுப் போலாம்னு..." என்றவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். "இது நேத்து ஐரோலியில பாத்த பூவுல்லா?"

"அவ்வளவு தூரத்துல, ஐரோலியில எங்க?"

"அவங்க புது ஆபீஸ்ல. இம்மாம்பெரிய திரை. எல்லாம் அவங்களே வரைஞ்சதுன்னாங்க. நான் அங்கயே சரின்னு கைகுடுத்துட்டேனே."

நான் மவுஸைப் பிடித்து ஒரு இதழின் வளைவைச் சரிசெய்தேன். அவர் என் கண்களைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மாதுளைப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி இறங்கிப் போனார்.

என் பூக்களைத் திருடியதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். நல்லா இருக்கிற என் கண்ணை அவிந்துபோனதாகச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் சேர்ந்து வைத்த பெயரைத் தூக்கிப்போய் எனக்குத் தெரியாத ஒரு அறையில் சூட்டியிருக்கிறாள். ஆத்திரத்தில் நம்பரை இரண்டு தடவை தப்பாகத் தொட்டேன்.

"சொல்லுட்டி, வீட்டுக்குப் போயிட்டியா?" என்றாள். பின்னால் ரயில் சத்தம்.

"இல்ல. பெரியம்மா எந்திச்சுட்டா."

"அப்படியா?"

"மகாராணி எப்படி இருக்கா?"

ரயிலில் அடுத்த ஸ்டேஷன் ஐரோலி என்று மராத்தியில் சொல்லி, இந்தியில் சொன்னார்கள். நான் காத்திருந்தேன். அவள் அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் நம்பத் தயாராகத்தான் அப்போதும் இருந்தேன்.

"அய்யய்யோ" என்றாள் மெதுவாக. "அந்த ஃபைல மாத்தாமலா குடுத்துட்டேன்?"