பூலோகம் மூச்சு விடாத பதினொரு மாதம்

1944 பிப்ரவரி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் சடுகுடு பாடிப் போன பூலோகம், அடுத்த மூச்சை 1945 பொங்கலன்றுதான் இழுத்தான். ஆட்டம் கிழக்கு ஷாப்புக்கும் மேற்கு ஷாப்புக்கும். இரண்டிலும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்தான். ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள், அதனாலேயே ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. கிழக்கு ஷாப்பு பூலோகத்தை மேற்கு ஷாப்பு கணேசபாண்டியன் கணுக்காலோடு பிடித்துத் திருகினான். முழங்கால் பிசகிய சத்தம் நடுவர் நாற்காலி வரை கேட்டது. வேண்டுமென்றேதான் திருகினான், அதை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

பிடிபட்டவன் பாட்டு அறுந்தால் அவன் அவுட். அறுவதற்குள் நடுக்கோட்டைத் தொட்டால் பிடித்தவன் அவுட். கோடு ஒன்பதடி தூரத்தில் இருந்தது. பூலோகம் மண்ணில் கிடந்தபடி பாடிக்கொண்டே இருந்தான், கணேசபாண்டியன் பிடித்துக்கொண்டே இருந்தான். இருட்டியதும் எல்லாரும் நடுவரைப் பார்த்தார்கள். அவர் பெயர் ஜகந்நாதன், மாட்டுங்காவில் ரயில்வே கிளார்க். இரு தரப்பும் இன்னொரு தரப்பை நம்பாததால் வெளியிலிருந்து அழைத்து வரப்பட்டவர். “மூச்சு போகலை, ஆட்டம் முடியலை. ரூல் அப்படி இருக்கு, நான் என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டு லோக்கல் ரயில் பிடிக்கப் போய்விட்டார்.

பூலோகத்தின் மனைவி கோமதியம்மாள் இடது கடைவாயில் கஞ்சி ஊற்றினாள். பாட்டு வலது பக்கமாக வந்தது. கணேசபாண்டியனுக்கு அவன் மனைவி மீனாட்சியம்மாள் ஊட்டினாள். இரண்டு பெண்களும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காமல் காறித் துப்பிக்கொண்டார்கள். “போதும், கைய விட்டுட்டு வீட்டுக்கு வாங்க” என்றாள் மீனாட்சியம்மாள். “விட்டா தொட்டுருவாம்ட்டீ. செத்தாலும் விடமாட்டேன்” என்றான் அவன். ரேஷன் இன்ஸ்பெக்டர் இருவரையும் ஒரே கார்டில் எழுதியதற்கும் ஒரு சண்டை நடந்தது. ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்துத் தகரக் கூரைகள் அதிர்ந்தபோது ஊரே ஓடியது. இவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்ததும் மேற்கு ஷாப்பார் அதை இரண்டடி தள்ளிப் போட்டார்கள். ஜகந்நாதன் குடையோடு வந்து, அளந்து, பழைய இடத்திலேயே போட வைத்தார்.

முதலில் பூலோகம் கையை ஊன்றி நகர்ந்து பார்த்தான். காலையில் ஒரு சாண் முன்னேறினால் சாயங்காலத்துக்குள் கணேசபாண்டியன் அதைத் திரும்ப இழுத்துவிடுவான். அந்தக் கால் எழுந்தால் ஒழியக் கோடு கிடைக்காது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வந்து, இந்தக் கால் இனி நடக்காது என்று சொல்லிப் போனார். முறிவு வைத்தியர் மட்டும் முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இழுத்துக் கட்டணும்னு வந்தேன். இந்தப் பய ராப்பகலா இழுத்துக்கிட்டுல்லா கெடக்கான்! எனக்கு வேலை இல்லய்யா” என்றார். கேட்டுக்கொண்டிருந்த பூலோகத்துக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். பிடி தளர்ந்த நாட்களில் மூட்டு வீங்கியது, ஆத்திரத்தில் இழுத்த நாட்களில் வீக்கம் வற்றியது. அதற்குப் பிறகு அவனே கணேசபாண்டியன் முகத்தில் மண்ணை வாரி எறிந்து வம்புக்கு இழுத்தான். அவன் இழுக்க இழுக்க இவன் எதிர்த்து உதைத்தான். தீபாவளிக்குள் தொடை பழையபடி திரண்டது. மார்கழியில் எழுந்து உட்கார்ந்தான்.

பொங்கலன்று காலை பூலோகம் எழுந்து நின்றான். கணேசபாண்டியனை மண்ணோடு மண்ணாக இழுத்துக்கொண்டு ஒன்பதடியையும் நடந்தே கடந்து, பிசகிய காலாலேயே கோட்டை மிதித்தான். ஜகந்நாதன் விசில் ஊதி, “கணேசபாண்டியன் அவுட்” என்றார். விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பூலோகம் மூச்சை இழுத்தான். மைதானத்துப் புழுதி முழுக்க அவன் பக்கம் ஒருமுறை சாய்ந்து நின்றது.

“என் கால நீதாம்ல நேராக்கின. அதுக்காக உன்ன மன்னிச்சிருவேன்னு நெனைக்காத” என்றான்.

“ஒன்ட்ட யாருல கேட்டா?” என்று கணேசபாண்டியன் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

ஜகந்நாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டத்தில் இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. மேற்கு ஷாப்பிலிருந்து அடுத்தவன் பாடி வந்தான். பூலோகம் குனிந்து, அவனுடைய கணுக்காலைப் பார்த்தபடி நின்றான்.