பறை என்ற சொல் போன வழி

“யாராவது கேட்டா, ஊர் நாகர்கோவில் பக்கம்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வேண்டாம்.”

“எங்கப்பா என்னைப் பார்க்க வந்தா?”

“சாலைக் கடைத்தெருவுல பார்த்துக்கோ, எலிசா. அம்மா அக்கம்பக்கத்துல உன் குடும்பத்தைப் பத்தி என்னென்னமோ சொல்லி வெச்சிருக்கா.”

கல்யாணமான வாரத்தில் சற்குணம் சொன்னது. எலிசாளின் அப்பா ராஜையன் இளவயதில் பறையடித்தவர். மகளைக் கல்லூரி வரை படிக்கவைத்தவர். சற்குணம் தெரிந்தேதான் அவளை விரும்பி மணந்தான். இருவரும் ஒரே கிறிஸ்தவ சபை. சாதி மட்டும் வேறு. அன்றிலிருந்து ராஜையன் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையோரம் நின்றபடியே மகளிடம் கருப்பட்டிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். வீட்டுக்கு வரட்டுமா என்று அவர் கேட்டதில்லை. வாங்கப்பா என்று சொல்ல அவளுக்கும் வாய் வந்ததில்லை.

1938இல் ஒரு மாலை, சற்குணம் ஆங்கிலம் கற்பித்த பள்ளியில் அவனுடைய சொற்பொழிவு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று அவன் சொல்லச் சொல்ல, பெண்கள் பெஞ்சில் எலிசாள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

கணக்கு வாத்தியார் வேலாயுதன் எழுந்தார். “சாரே, முக்கியமான ஒண்ண விட்டுட்டீரே. இங்கிலீஷ்காரன் சொல்ற ‘பரையா’!”

சற்குணம் அவள் பக்கம் பார்க்கவில்லை. “அது பறைங்கற வாத்தியத்துலேருந்து வந்தது. வெள்ளைக்காரங்க முதல்ல ஒரு சாதியோட பேராத்தான் எழுதினாங்க. அப்புறம் தாழ்த்தி வெச்ச எல்லாரையும் அப்படிச் சொன்னாங்க. தெருநாய்க்கும் அதே பேரு. இப்போ லண்டன்ல நாலுபேர் ஒதுக்கிவெச்ச துரையையும் அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்போ துரைக்கும் நம்ம ஆளு பேரு கொடுத்தாச்சு!”

கூடம் சிரித்தது. சற்குணமும் சிரித்தான். பக்கத்திலிருந்த ஓமனா டீச்சர் திரும்பிப் பார்க்கவே, எலிசாளும் சிரித்தாள்.

அப்பா வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவரையும் நாயையும் ஒரே பேரில் வைத்துச் சிரித்த கூட்டத்தில் தானும் ஒருத்தி.

வீடு திரும்பும் வழியில் சற்குணம் மெல்லக் கேட்டான். “நீ ஏன் சிரிச்சே?”

“என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு. நீங்க?”

“நானும் அதுக்குத்தான்.” அவன் தலை குனிந்தே நடந்தான்.

வாசலில் மாமியார் நின்றிருந்தாள். எலிசாள் குரலைத் தாழ்த்தவில்லை.

“மாமியும் கேக்கட்டும். அப்பாவை நீங்களே போய் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”