மாமாங்கத்துக்குக் கிடைத்த பென்சன்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் கால்நூற்றாண்டு உழைத்தவர் மாமாங்கம். போன மாரிகாலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையை முடக்கியதோடு, தட்டுத்தடுமாறிப் பழகியிருந்த டேனிஷ் மொழியையும் கொண்டுபோய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது.

இனி வேலை செய்ய முடியாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் இயலாதோருக்கு அரசாங்கம் கொடுக்கும் பென்சனைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

"சும்மா இருந்து திங்கிறதா?" என்று முறைத்தார்.

மனைவி திரேசாவுக்கு விடியற்காலையில் பள்ளிக்கூடம் துப்புரவாக்கும் வேலை, பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. இடையில் ஓடிவந்து அவரைக் குளிக்கவார்த்து உடுத்திவிடுவாள். அவள்தான் அவரை ஒருவழியாகக் கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே கியஸ்டன் என்ற அலுவலர் இருந்தாள். மேசைமேல் இருந்த கணினித் திரையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நிலுஷா தெரிந்தாள்.

"ஒரு நாள் பொழுது உங்களுக்கு எப்படிப் போகிறது?" என்று கியஸ்டன் கேட்டாள்.

"எழும்புவன், குளிப்பன், சட்டை போடுவன், சமைப்பன். ஒரு குறையுமில்ல."

திரேசா அவர் காதுக்குள் சீறினாள். "பொய் சொல்லாதீங்க! இண்டைக்கும் நான்தானே பொத்தான் பூட்டிவிட்டன்? எனக்கு உடம்பு ஏலாமப் போகுது. நான் விழுந்தா உங்கள ஆர் பாக்குற?"

நிலுஷா அதையும் ஒரு சொல் விடாமல் டேனிஷில் சொல்லிவிட்டாள். காதில் விழுவதையெல்லாம் சொல்வது அவள் கடமை.

திரேசாவின் முகம் வெளிறியது. கியஸ்டன் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்கள் எப்போதுதான் தூங்குகிறீர்கள்?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

பதில் சொல்ல வாய் திறந்த திரேசா விம்மி அழத் தொடங்கினாள். பக்கவாதம் வந்த அன்றுகூட அவள் அழுது மாமாங்கம் கண்டதில்லை.

"பிள்ள, நான் சொன்னதெல்லாம் பொய்," என்றார் அவர் திரையைப் பார்த்து. "எனக்கு ஒண்டும் ஏலாது. எல்லாம் இவதான். அப்பிடியே சொல்லும்."

சில மாதங்களில் பென்சன் கிடைத்தது. காலையில் அவரைக் குளிக்கவார்க்க ஆளும் வந்தது. திரேசா விடியற்காலை வேலையை விட்டாள்.

மாமாங்கம் ஒருநாள் திரேசாவை உளுந்து வடை சுடச் சொல்லி, அவளோடு கியஸ்டனிடம் கொண்டுபோனார். அன்பளிப்பு வாங்கச் சட்டம் விடாது என்று அவள் சிரித்தபடி மறுத்தாள்.  மாமாங்கம் இடது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார். கியஸ்டனும் எழுந்து நின்று தலை குனிந்தாள்.

வெளியே வந்து ஆற்றோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்து கணவனும் மனைவியும் வடையைச் சாப்பிட்டார்கள்.

"நல்லா இருக்கட்டும், இந்தச் சனம்," என்றார் மாமாங்கம்.

"ஓம்," என்றாள் திரேசா. அன்று அவளுக்கு அவசரமாகப் போக ஓரிடமும் இருக்கவில்லை.